எழுத்தில் சம்பாதிக்க ஆசையா? வீட்டு கிரைண்டரில் இருந்து தொடங்குங்கள்: முழுமையான வழிகாட்டி

எழுதிச் சம்பாதிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கதையில் கை வைப்பார்கள், இல்லையென்றால் கவிதை. தப்பில்லை, எழுதுங்கள். ஆனால் முதல் சன்மானம் அந்தப் பக்கத்தில் இருந்து வருவது அபூர்வம். வீட்டுக்குப் புதிதாக வரும் ஒரு சமையலறைச் சாதனத்தை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதுவது அதைவிடச் சீக்கிரம் கைகூடும் வேலை. பட்டம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம், ஒரு எடை மெஷினும் நோட்டும் பொறுமையும் இருந்தால் போதும். தமிழில் கிடைக்கும் சாதன விமர்சனங்களில் பெரும்பாலானவை அட்டைப்பெட்டியில் அச்சடித்ததையே திருப்பிச் சொல்கின்றன, அதனால் நிஜமாகவே மாவரைத்துப் பார்த்து எழுதுகிறவருக்கு இடம் காலியாக இருக்கிறது.

இந்த வழிகாட்டியில் டேபிள் டாப் வெட் கிரைண்டரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஏர் பிரையர் பற்றி ஊரே எழுதுகிறது, கிரைண்டரைப் பற்றி எழுத ஆளில்லை. ஆனால் நம் வீடுகளில் வாரம் தவறாமல் ஓடுவது கிரைண்டர்தான், அதைப் பற்றி அம்மாக்களும் பாட்டிகளும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எங்கேயும் இல்லை.

முதலில் யாருக்கு எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

கிரைண்டர் வாங்குகிறவர்களில் முதன்முறையாக வாங்குகிறவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் 2011-ல் அரசே விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தது, அதற்கு முன்பே பல வீடுகளில் மூலையில் ஒரு பெரிய கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. ஆகவே உங்கள் வாசகரின் கேள்வி "கிரைண்டர் என்றால் என்ன" என்பதாக இருக்காது. "இருக்கிறது நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் மாற்ற வேண்டும்?", "வீட்டில் ரெண்டே பேர், மிக்சியே போதாதா?", "கல்லைத் தூக்க என்னால் முடியுமா?" இவைதான் கேள்விகள்.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அக்கம்பக்கத்தில் நாலைந்து பேரிடம் போய், கிரைண்டரில் உங்களுக்கு எரிச்சல் தருவது எது என்று கேளுங்கள். சத்தம் என்பார் ஒருவர். கழுவுவது என்பார் இன்னொருவர். வீட்டு வேலைக்கு வரும் அக்காவைக் கேட்க மறந்துவிடாதீர்கள், கிரைண்டரை வாங்குவது ஒருவர், கழுவுவது இன்னொருவர் என்கிற வீடுகள் நிறைய. இப்படிக் கிடைக்கும் கேள்விகளில் ஐந்தாறை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கட்டுரையின் எலும்புக்கூடு அதுதான், தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

பெட்டியைப் பிரிக்கும் நாள்

சொந்தக் காசில் வாங்கியதாக இருந்தால் நல்லது. உங்களுக்கே வாங்கும் எண்ணம் இல்லையென்றால், புதிதாக வாங்கிய அத்தையோ சித்தியோ இருப்பார், ஒரு மாதம் வாரா வாரம் போய் மாவரைத்துக் கொடுத்துவிட்டுக் குறிப்பெடுங்கள். யாருக்கும் கசக்காது.

பிரிப்பதற்கு முன் பில்லைப் படம் எடுங்கள். விலை, தேதி, ஜிஎஸ்டி எல்லாம் அதில் இருக்கும். கல் கிரைண்டருக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலையில் 5 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக ஏறியது, பழைய விமர்சனங்களில் உள்ள விலையோடு உங்கள் விலை ஒத்துப்போகாததற்கு அதுவும் ஒரு காரணம், இதை ஒரு வரியில் சொன்னால் படிப்பவருக்கு உதவும். வாரண்டி அட்டையில் மோட்டாருக்கு எத்தனை வருடம், மற்ற பாகங்களுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது மோட்டாருக்கு உள்ளது மட்டும்தான் என்று பல சமயம் தெரியவரும். குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கையேடு. யாரும் படிக்காத அந்தச் சின்னப் புத்தகத்தை நீங்கள் முழுக்கப் படித்தே ஆக வேண்டும். ஒரே தடவையில் எவ்வளவு அரைக்கலாம், எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டலாம், எதை அரைக்கக் கூடாது என்று கம்பெனி என்ன சொல்கிறதோ அதை அப்படியே நோட்டில் ஒரு பக்கம் எழுதி, எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். சோதனை முடிந்ததும் அந்தக் காலிப் பக்கம் நிரம்பும். (கையேட்டின் தமிழைப் படிக்கும்போது சிரிப்பு வரும். அதை மறக்க வேண்டாம், கடைசியில் அதைப் பற்றிப் பேசுகிறேன்.)

புதுக் கல்லில் தூள் இருக்கும். ஊறவைத்த அரிசி ஒரு கைப்பிடி போட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். முதல் மாவு எந்த நிறத்தில் வந்தது, எத்தனை முறை கழுவ வேண்டியிருந்தது என்பதும் எழுத வேண்டிய விஷயம்தான், புதிதாக வாங்குகிறவர் அந்தச் சாம்பல் நிற மாவைப் பார்த்துப் பயந்துபோவார்.

சோதனை: இங்கேதான் அவசரப்படக் கூடாது

உளுந்தில் ஆரம்பியுங்கள். ஒரு கிரைண்டரின் லட்சணம் உளுந்தில் தெரிந்துவிடும், அரிசியை எது வேண்டுமானாலும் அரைக்கும்.

200 கிராம் உளுந்தை எடைபோட்டு ஊறவையுங்கள். டம்ளர் கணக்கு மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை, என் வீட்டு டம்ளரும் உங்கள் வீட்டு டம்ளரும் ஒன்றில்லை. எடையை எழுதி, பக்கத்தில் டம்ளரையும் போடுங்கள், ரெண்டு வகை வாசகரும் இருக்கிறார்கள். ஒரு ஜாடியில் அரை லிட்டர் தண்ணீர் அளந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரைக்க அரைக்க அதில் இருந்து மட்டும் தெளியுங்கள். முடிந்ததும் ஜாடியில் மீதி எவ்வளவு என்று பார்த்தால், உளுந்து எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பது தெரிந்துவிடும். ரெண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பதம். எத்தனையாவது நிமிடத்தில் மிதந்தது? அந்த ஒரு எண், "பஞ்சு போல் அரைக்கிறது" என்று நூறு பேர் எழுதியதைவிடக் கனமானது. மாவை அளவு குறித்த பாத்திரத்தில் ஊற்றி, எவ்வளவு மில்லி பொங்கி வந்திருக்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.

இதே பாக்கெட் உளுந்து 200 கிராமை அன்றைக்கே மிக்சியிலும் அரைக்க வேண்டும். மிக்சியில் மாவு சூடேறும், அதனால்தான் பலரும் ஐஸ் தண்ணீர் விடுகிறார்கள். எவ்வளவு சூடு என்று சமையல் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் ரெண்டு எண்கள் கைக்கு வரும், ஒப்பிட்டு எழுதலாம். பிறகு ஒரே ஈடாக அரைத்த அரிசி மாவை ரெண்டாகப் பிரித்து, ஒன்றில் கிரைண்டர் உளுந்தும் மற்றதில் மிக்சி உளுந்தும் கலந்து, உப்பையும் எடைபோட்டுச் சேர்த்து, ஒரே அளவுள்ள ரெண்டு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். மாவு மட்டத்தில் ஆளுக்கொரு ரப்பர் பேண்ட். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். இட்லி மாவைப் புளிக்க வைப்பதில் லியூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு, வெப்பநிலை மாறினால் அவற்றின் வேகமும் மாறும். ஒரு பாட்டில் அடுப்பு மேடையிலும் இன்னொன்று ஜன்னலோரத்திலும் இருந்தால் அந்தச் சோதனை செல்லாது. எட்டு மணி நேரம் கழித்து ரப்பர் பேண்டுக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, படம் எடுங்கள்.

மறுநாள் இட்லி. ஒரே கரண்டி, ஒரே குக்கர், ஒரே நேரம். தட்டுக்கு அடியில் எது எந்த மாவு என்று எழுதி ஒட்டிவிட்டு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் பரிமாறுங்கள். எது மெத்தென்று இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். முடிவு நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தாலும் அப்படியே எழுதுங்கள், சொல்லப்போனால் அப்படி வரும்போதுதான் கட்டுரை சூடு பிடிக்கும்.

அடுத்தது குறைந்த அளவுச் சோதனை. கடைக்காரர் "2 லிட்டர்" என்று சொல்வது டிரம்மின் கொள்ளளவு, அவ்வளவு மாவு அதில் அரைபடும் என்று நினைத்து முழுக்க நிரப்பினால் உளுந்து பொங்கி நடு அச்சின் பக்கம் வழிந்து இறங்கும். அதேபோல் மிகக் கொஞ்சமாகப் போட்டாலும் மாவு சுவரில் ஒட்டிக்கொள்ளும், கல்லுக்கு அகப்படாது. ரெண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு இது பெரிய கேள்வி. அரை டம்ளர் உளுந்து அரைபடுகிறதா, எத்தனை முறை நிறுத்தி வழித்துவிட வேண்டியிருக்கிறது, தேங்காய்ச் சட்னி, அடை மாவு, வடை மாவு எதற்கெல்லாம் ஒத்துழைக்கிறது? வடைக்குத் தண்ணீர் தெளிக்காமல் அரைக்கும்போது கல் திணறும் சத்தம் மாறும், காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

சத்தம் என்றதும் செல்போனில் டெசிபல் பார்க்கும் செயலியை எல்லோரும் இறக்குகிறார்கள். அந்த எண்ணைத் துல்லியம் என்று எழுத வேண்டாம், ஆனால் ஒரே போனை ஒரே தூரத்தில் வைத்து மிக்சியையும் கிரைண்டரையும் ஒப்பிட்டால் எது எவ்வளவு அதிகம் என்று ஓரளவு சொல்லலாம். அதைவிட உபயோகமானது: கிரைண்டர் ஓடும்போது அடுத்த அறையில் போன் பேச முடிகிறதா, கைக்குழந்தை தூங்குகிறதா.

மின்சாரத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வீட்டு டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், ஃபேன், மோடம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கிரைண்டரை மட்டும் ஓட்டி மின்னலை எண்ணுங்கள். மோட்டார் 150 வாட் இழுத்தால் நிமிடத்துக்கு 8 மின்னல், 20 நிமிடத்துக்கு 160, அதாவது 0.05 யூனிட். மாதத்தில் எட்டு முறை நாற்பது நாற்பது நிமிடம் அரைத்தாலும் மொத்தம் ஒரு யூனிட் தாண்டாது. இருமாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக உள்ள தமிழ்நாட்டு வீட்டில் "மின்சாரச் சிக்கனம்" என்ற விளம்பர வாசகத்துக்கு இந்தச் சாதனத்தில் அர்த்தமே இல்லை என்பது இந்தக் கணக்கைப் போட்டவருக்குத்தான் தெரியும். இதைத் தலைப்பாகவே வைக்கலாம்.

கழுவுவதுதான் கடைசி, அதுதான் வாசகருக்கு முதல். சுத்தமான உருளைக் கல்லை எடைபோட்டு வையுங்கள். அரைத்து முடித்து, கையால் வழித்த பிறகு மறுபடி எடைபோடுங்கள். வித்தியாசம்தான் கல்லில் ஒட்டி வீணாகும் மாவு. எத்தனை சொம்பு தண்ணீர் ஆனது? சென்னையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அது பெரிய விஷயம். டிரம்மைக் கல்லோடு சேர்த்துத் தூக்கிக் கவிழ்க்க முடிகிறதா, இல்லை கல்லைத் தனியாகக் கழற்ற வேண்டுமா? இதை நீங்கள் தூக்கிப் பார்த்துச் சொல்வது போதாது, வீட்டில் மூட்டு வலி உள்ள ஒருவரைத் தூக்கச் சொல்லி அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "தூக்கிடலாம்டா, ஆனா சாய்க்கும்போது மணிக்கட்டு இழுக்குது" என்று ஒரு அம்மா சொன்னால், அந்த வாக்கியத்தைத் திருத்தாதீர்கள்.

இன்வெர்ட்டரில் ஓடுமா என்று யாராவது கேட்பார்கள். ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

நோட்டுப் புத்தகம்

குறிப்பை அந்தந்த நிமிடமே எழுத வேண்டும். மாவுக் கையோடு எழுத முடியாது என்றால் போனில் குரலாகப் பதிவு செய்யுங்கள், சாயங்காலம் நோட்டில் ஏற்றுங்கள். தேதி, நேரம், பொருளின் எடை, பிராண்ட், ஊறிய நேரம், தண்ணீர், அரைத்த நிமிடம், அன்றைய வெயில். இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மனதில் இருக்கும் என்று விட்டால் நாலு நாளில் "சுமார் அரை மணி நேரம்" ஆகிவிடும், அந்தச் "சுமார்" கட்டுரை முழுக்கப் பரவும். படங்களையும் தேதி வாரியாகச் சேமியுங்கள். படத்துக்கு ஸ்டூடியோ விளக்கெல்லாம் வேண்டாம், காலை வெயில் வரும் ஜன்னலோரம் போதும். ஆனால் அளவு தெரிகிற மாதிரி பக்கத்தில் ஒரு ஸ்கேலோ தெரிந்த சாமானோ இருக்க வேண்டும்.

எழுத உட்காரும்போது

"இன்றைய அவசர உலகில் பெண்களின் பணிச்சுமையைக் குறைக்கும் வகையில் பல்வேறு நவீன சாதனங்கள் வந்துள்ளன" என்று ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே முடிந்துவிட்டது, ஆசிரியர் அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். மாவரைப்பது பெண்களின் சுமை என்று நீங்களே எழுதிக்கொடுப்பது வேறு. நேராக விஷயத்துக்கு வாருங்கள். உதாரணமாக (எண்கள் உங்கள் நோட்டில் இருந்து வர வேண்டும்):

"200 கிராம் உளுந்து, 25 நிமிடம். 18-வது நிமிடத்தில் மாவு தண்ணீரில் மிதந்துவிட்டது, மீதி 7 நிமிடம் ஓட்டியதால் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அரை டம்ளர் உளுந்து போட்ட அன்றைக்கு ஐந்து முறை நிறுத்தி வழிக்க வேண்டியிருந்தது. ரெண்டு பேர் வீட்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்."

பாருங்கள், இதில் சூப்பர் இல்லை, அருமை இல்லை, அட்டகாசம் இல்லை. பாராட்டும் குறையும் எண்ணிலேயே வந்துவிட்டன. "சொல்ல மாட்டேன்" என்று ஒரு தீர்ப்பும் இருக்கிறது. தீர்ப்பு சொல்லப் பயப்படுகிறவர்களின் விமர்சனம் கடைசியில் "வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம்" என்று முடியும், அதைச் சொல்ல ஒரு கட்டுரை எதற்கு?

யார் வாங்கக் கூடாது என்பதை முதல் கால்வாசிக்குள் சொல்லிவிடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் உள்ள கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி, எந்தக் கேள்விக்கு விஷயம் அதிகமோ அது நீளட்டும், மின்சாரம் மூன்று வரியில் முடிந்தால் முடியட்டும். நடுவில் கொஞ்சம் பின்னணி சேர்த்தால் கட்டுரைக்கு உடம்பு வரும்: மின்சாரத்தில் ஓடும் கல் கிரைண்டர் 1950-களில் கோவையில் பிறந்தது, கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, கல் ஊத்துக்குளிப் பக்கத்தில் இருந்து வந்தது. ஆனால் இதை வைத்து ஆரம்பிக்க வேண்டாம். கல்லைப் பற்றிப் பேசும் இடத்தில் ஓரமாக வரட்டும்.

குறை சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும். நீங்கள் சோதித்தது ஒரே ஒரு பெட்டி. "இந்தக் கம்பெனி கிரைண்டரே மோசம்" என்று எழுத உங்களிடம் ஆதாரம் இல்லை, "நான் சோதித்த கிரைண்டரில் மூன்றாவது வாரம் மூடி விரிசல் விட்டது" என்று எழுத ஆதாரம் இருக்கிறது, படமும் இருக்கிறது. வெளியிடுவதற்கு முன் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேளுங்கள், அவர்கள் சொன்ன பதிலையோ, பதில் வராததையோ கட்டுரையில் சேருங்கள். இது நியாயமும்கூட, பின்னால் வக்கீல் நோட்டீஸ் வந்தால் பாதுகாப்பும்கூட.

எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பிறகு சமையலறையில் உள்ள ஒருவரிடம் கொடுங்கள். "அதெல்லாம் சரி, வாங்கலாமா வேண்டாமா?" என்று அவர் கேட்டால் இன்னும் ஒருமுறை எழுத வேண்டும்.

எங்கே அனுப்புவது

முதல் ரெண்டு மூன்று கட்டுரைகளை உங்கள் சொந்த வலைப்பக்கத்தில் போடுங்கள், மாதிரி கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டுமே. அதன் பிறகு அவள் விகடன், குங்குமம் தோழி மாதிரியான பெண்கள் இதழ்கள், நாளிதழ்களின் இணைப்புகள், இணைய இதழ்கள். முழுக் கட்டுரையை எடுத்த எடுப்பில் அனுப்புவதைவிடச் சின்னதாக ஒரு கடிதம் நல்லது:

"வணக்கம் ஐயா/அம்மா. டேபிள் டாப் கிரைண்டரையும் மிக்சியையும் ஒரே உளுந்தில் ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பொங்கிய அளவு, மாவின் சூடு, மின்சாரம், கழுவும் தண்ணீர் எல்லாம் அளந்த குறிப்புகளும் படங்களும் இருக்கின்றன. ரெண்டு பேர் உள்ள வீட்டுக்குக் கிரைண்டர் தேவையா என்ற கேள்விக்கு எதிர்பாராத பதில் கிடைத்தது. 800 சொற்களில் தர முடியும். சாதனத்தைச் சொந்தக் காசில் வாங்கினேன். முன்பு எழுதிய ரெண்டு கட்டுரைகளின் இணைப்பு கீழே."

இவ்வளவு போதும். உங்கள் சிறுவயது எழுத்தார்வம், கல்லூரியில் வாங்கிய கோப்பை எதுவும் வேண்டாம். ரெண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இதழ். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் ரெண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள், தமிழ்ப் பத்திரிகை உலகம் சின்னது.

தலையசைத்துவிட்டார்கள் என்றால் சன்மானம் எவ்வளவு, எப்போது வரும் என்று கேட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. உரிமை பற்றியும் கேளுங்கள். சம்பளத்துக்கு இல்லாமல் வெளியில் இருந்து எழுதுகிறவருக்கே எழுத்தின் உரிமை, எழுத்துமூலம் எழுதிக் கொடுத்தால்தான் அது மாறும் என்பது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பொதுவான நிலை. எவ்வளவு காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பின்னாளில் இவற்றையெல்லாம் தொகுத்துப் புத்தகம் போடும்போது இந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

காசு எங்கிருந்து வரும்

இதழ்ச் சன்மானத்தை மட்டும் நம்பி இருக்கிற வேலையை விட்டுவிட வேண்டாம், வீட்டு வாடகை கொடுக்க அது காணாது. ஆனால் நாலைந்து சாதனங்களை இப்படிச் சோதித்து எழுதியதும் வேறு கதவுகள் திறக்கும். சமையல் யூடியூப் சேனல்களுக்கு வசன எழுத்து, கடைகளின் இணையதளத்துக்குப் பொருள் விவரம், உங்கள் கட்டுரையில் உள்ள கடை இணைப்பு (லிங்க்) வழியாக யாராவது வாங்கினால் கிடைக்கும் கமிஷன்.

என் பார்வையில் இதில் யாரும் தொடாத வேலை ஒன்று உண்டு, முன்னால் சொன்ன கையேடு. "சாதனத்தை நீரில் மூழ்கடிக்கப்படுதல் தவிர்க்கப்பட வேண்டியதாகும்" என்கிற ரகத் தமிழில்தான் பல கையேடுகள் இருக்கின்றன. அதில் ஒரு பக்கத்தை எடுத்து "மோட்டார் பகுதியைத் தண்ணீரில் முக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்" என்று நீங்கள் திருத்தி எழுதி, பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு தயாரிப்பாளருக்கு அனுப்பிப் பாருங்கள். கோவையில் மட்டும் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ கிரைண்டர் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கையேடு புரியாததால் வரும் புகார் அழைப்புகள் குறைந்தால் அவர்களுக்கும் லாபம்தான். ஒரு சங்கடம் மட்டும்: யாருடைய கையேட்டை எழுதிக் கொடுத்தீர்களோ அவருடைய சாதனத்தை அதற்கப்புறம் விமர்சனம் செய்யக் கூடாது.

இலவசமாகச் சாதனம் அனுப்புகிறோம் என்று ஒரு நாள் அழைப்பு வரும். சந்தோஷமாகத்தான் இருக்கும். இங்கே சட்டம் இருக்கிறது. பொருளோ பணமோ வாங்கிக்கொண்டு எழுதினால் அதைத் தெளிவாக, கண்ணில் படும் இடத்தில் சொல்ல வேண்டும், விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-லும், மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு வழிமுறைகள் கொடுத்திருக்கின்றன. தவறான விளம்பரத்துக்குத் துணைபோனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் போடுவது போதாது, முதல் பத்தியிலேயே "இந்தக் கிரைண்டரைத் தயாரிப்பாளர் கொடுத்தார்" என்று எழுதுங்கள்.

வருமான வரியும் உண்டு. தொழில்முறையில் இப்படிக் கிடைக்கும் பொருட்களின் மதிப்பு, கொடுக்கும் ஒரு நிறுவனத்திடம் இருந்து வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம் என்பது 2022 ஜூலையில் வந்த விதி. சோதித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கில் வராது. திருப்பிக் கொடுப்பதுதான் என் சிபாரிசு, வரிக்காக மட்டும் சொல்லவில்லை. தினமும் இட்லிக்கு அரைத்துக் கொடுக்கிற சாதனத்தைப் பற்றிக் குறையாக எழுதக் கை வராது. கூரியரில் அனுப்பிய ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சன்மானத்தில் பிடிக்கும் வரிக்கும் பான் எண் வேண்டும், உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்றால் கணக்குத் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கலாம், பலர் இதைச் செய்வதே இல்லை.

அடுத்த கட்டுரை, அதே கிரைண்டர்

ஒரு சாதனத்தை எழுதி முடித்ததும் அடுத்ததற்கு ஓடுவதுதான் வழக்கம். ஓடுங்கள், மிக்சி, பிரஷர் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று வரிசையாகப் பண்ணலாம், சோதனை முறை கையில் இருக்கிறது. ஆனால் காலண்டரில் ஆறு மாதம் தள்ளி ஒரு நாளைக் குறித்து வையுங்கள், ஒரு வருடம் தள்ளி இன்னொன்று. அன்றைக்கு அதே 200 கிராம் உளுந்து, அதே ஜாடி. முதல் நாள் 18 நிமிடத்தில் மிதந்த மாவு இப்போது எத்தனை நிமிடம் கேட்கிறது? பெல்ட் உள்ள மாடல் என்றால் அது நழுவுகிறதா, அச்சுப் பக்கம் தண்ணீர் கசிகிறதா, கல் வழுவழுப்பாகிவிட்டதா? "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் குரல் கேட்ட காலம் போய்விட்டது, இன்றைக்கு டேபிள் டாப் கல் மழுங்கினால் கொத்திக் கொடுக்க உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரா, இல்லை கல்லையே மாற்றச் சொல்கிறார்களா, சர்வீஸ் சென்டரில் என்ன கூலி கேட்டார்கள், பாகம் வர எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் விசாரித்து எழுத வேண்டியவை. வாங்கிய வாரத்தில் எழுதும் விமர்சனம் எல்லோரிடமும் கிடைக்கும், ஒரு வருடம் ஓடிய கிரைண்டரைப் பற்றி எண்ணோடு எழுத உங்களிடம் மட்டுமே பழைய நோட்டு இருக்கும். அதை அனுப்பும்போது முதல் நாள் எடுத்த பில் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், வாரண்டி எந்தத் தேதியில் முடிந்தது என்று ஆசிரியர் கண்டிப்பாகக் கேட்பார்.